மூன்று முப்பத்தைந்துக்கு உதயம்

புகார் இவ்வளவுதான்:
மேலாளர் அறைச் சுவரில் தினமும் மாலை
ஒரு வெளிச்சப் பொட்டு ஆடுகிறது.
கண்ணாடியில் கோளாறா, வந்து பாருங்கள்.

சென்னையில் பஸ் பிடித்தேன்.
திருப்பாதிரிப்புலியூர், கத்திரியின் ஒன்பதாம் நாள்.
நான் கணக்குப் போட்ட முகப்பு
நாலு மாடியும் வானமாக நின்றது.
மூன்றாம் மாடியில் ஒரு மேகம் ஒட்டியிருந்தது.

கோளாறு இல்லை.
இரண்டு தகடு, நடுவே பன்னிரண்டு மில்லிமீட்டர்,
அதில் ஆர்கான். எதோடும் சேராத மந்த வாயு,
பத்தாம் வகுப்பில் அடிக்கோடு போட்டுப் படித்தது.
சூட்டை இந்தப் பக்கம் வாங்கி
அந்தப் பக்கம் கொடுக்கக்கூட அதற்குச் சோம்பல்.
உள்முகத்தில் வெள்ளிப் பூச்சு,
வெளிச்சத்துக்கு வழிவிடும், வெக்கையைத் திருப்பும்.
உப்புக் காற்றுக்கு விளிம்பில் இரட்டை அடைப்பு.
தானே மாதிரி இன்னொன்று வந்தாலும் பெயராது.
ஏ.சி. பில்லில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.
போன தையில் இதற்கு எனக்குக் கைதட்டினார்கள்.

பொட்டு வந்தது, மூன்று நாற்பதுக்கு.
நாட்காட்டியில் ஏறி,
மேலாளரின் வழுக்கையில் சற்று நின்று,
கோப்பு அலமாரிக்குத் தாவியது.
ஜன்னலோரம் போனேன்.
எதிரே சலூன். பிடரி காட்டும் கைக்கண்ணாடியை
ஓர் ஆள் சாய்த்துப் பிடித்திருந்தார்.

"அவங்க அனுப்புறதத்தான் திருப்பி அனுப்புறேன்"
என்றார் கலியபெருமாள்,
நான் தெருவைத் தாண்டிப் போய்க் கேட்டபோது.

கிழக்குப் பார்த்த கடை.
காலை வெயில் பத்தரைக்குப் படியிறங்கிவிடும்,
அப்புறம் நாள் முழுக்க நிழல்;
அதற்காகவே அட்வான்ஸ் ஐயாயிரம் கூடக் கொடுத்தது.
இப்போது மூன்று முப்பத்தைந்துக்கு
கிழக்கிலேயே இன்னொரு தரம் விடிகிறது.
தடவத் தடவ நுரை காய்கிறது.
"காதுகிட்ட கத்தி இருக்கும்போது
கண்ணு கூசக் கூடாது மேடம்."
நாற்காலிக்கு மேலே பந்தல்:
வங்கியின் திறப்பு விழா ஃப்ளெக்ஸ்.
இனிய இல்லம் எளிய கடன், தலைகீழாக.

வெப்பமானித் துப்பாக்கியை நீட்டினேன்.
சிரித்துக்கொண்டே கைகளைத் தூக்கினார்.
ரெக்சின் இருக்கை, ஐம்பத்தேழு.
மேலாளர் நாற்காலி இருபத்துநாலு.

பூச்சைப் பற்றிச் சொன்னேன்:
ஒரு தலைமுடியை ஐயாயிரமாக வகுந்தால்
அதில் ஒரு பங்கு, அத்தனை மெல்லிசு.
தரையில் கிடந்த முடியைப் பார்த்தார்.
"சரி. நூறு வெயில் வந்தா எவ்வளவு உள்ள போவும்?"
இருபத்துநாலு.
"மீதி எழுபத்தாறு?"
கொஞ்சம் கண்ணாடியே குடித்துவிடும், மற்றது
என்று தொடங்கினேன்.
நாற்காலியில் இருந்தவர் பாதி நுரையோடு
என் பக்கம் திரும்பினார்.

என் படிவத்தில்
உள்வெப்பம், வெளிவெப்பம், காற்று, கசிவு
எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு.
வெளி என்றால் வானிலை நிலையத்து வெளி.
எதிர்க்கடைக்குக் கட்டம் இல்லை.

மருந்து இல்லாமல் இல்லை.
கட்டடத்துக்கு இமை வைக்கலாம்,
குறுக்கே அலுமினியப் பட்டைகள்.
மாக்கோலம் போல் கண்ணாடியில்
பீங்கான் புள்ளிகள் அச்சிடலாம்.
கட்டும்போதே வைத்திருந்தால் நாலு லட்சம்.
இனிமேல் பதினொன்று.

கிளம்பும்போதுதான் பார்த்தேன்,
சுவரில் பென்சில் கோடுகள்.
ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம்.
மாசியில் வெயில் பவுடர் டப்பாவில் இருந்திருக்கிறது,
பங்குனியில் சீப்புத் தட்டில்,
சித்திரை பிறந்ததும் நாற்காலிக் கையில்.
என் மென்பொருள் வருஷத்துக்கு
நாலு சூரியனைத்தான் காட்டியது.
இவரிடம் எண்பத்தைந்து,
செவ்வாய்க்கிழமை விடுமுறை நீங்கலாக.

படமெடுத்து அறிக்கையில் சேர்த்தேன்.
இணைப்பு மூன்று: சலூன் சுவர், பென்சில்.
கையொப்பம், வ. அபிராமவல்லி, முகப்புப் பொறியாளர்.

பதினேழு நாள் கழித்துப் பதில் வந்தது.
பொட்டு இன்னும் வருகிறது.
தற்காலிகமாகத் திரைகளை இறக்கிவிட்டு
பகலிலும் விளக்குப் போட்டிருக்கிறோம்.
இணைப்பு மூன்று தெளிவாக இல்லை.
மீண்டும் அனுப்பவும்.